உஷார்! காதை அடைக்கும் மொனிட்டரோடு மலைச்சரிவில் தூங்காதீர்கள்

தம்பிமாரே, தங்கச்சிமாரே, பிள்ளை பெற்றவர்களே, கொஞ்சம் நில்லுங்கள். காதில் ஏதாவது செருகியிருந்தால் கழற்றிவிட்டு இதை வாசியுங்கள்.

பண்டாரவளையிலும் பதுளையிலும் ஃபோன் கடைக்குள் நுழைந்தால் இப்போது ஒரு புதுச் சாமான் தொங்குகிறது. இன்-இயர் மொனிட்டர் என்கிறார்கள். மேடையில் பாடுகிறவர்கள் போடுவது என்று சொல்லித்தான் விற்கிறார்கள். வயரைக் காதுமடலுக்கு மேலாகச் சுற்றி, நுனியில் இருக்கும் ரப்பர் மொட்டைத் துவாரத்துக்குள் தள்ளி அடைத்துக்கொள்ள வேண்டும். பழைய ஹேன்ட்ஸ்ஃப்ரீ காதின் வாசலில் தொங்கிக்கொண்டிருக்கும். இது உள்ளே போகும். போத்தலுக்குத் தக்கை மாதிரி இறுக்கமாக உட்காரும்.

ஆபத்து அந்த இறுக்கத்தில்தான் இருக்கிறது.

இறுக்கம் குறைந்தாலும் ஆபத்து. கூடினாலும் ஆபத்து. இதை நம் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. கடைக்காரர் சொல்லமாட்டார். பெட்டிக்குள் வரும் சின்னத் தாளிலும் பெரும்பாலும் இருக்காது. இருந்தாலும் தமிழில் இருக்காது.

கொஸ்லந்தைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் ஒரு பையன். பெயர் வேண்டாம், வீட்டுக்காரர் மனம் நோகும். கோயில் திருவிழாக்களுக்கு வாசிக்கும் இசைக்குழுவில் கீபோர்ட் வாசிப்பான். கொழும்பில் கடை வேலை செய்து சேர்த்த காசில் ஆசையாக ஒரு மொனிட்டர் வாங்கினான். லயத்தில் இரவில் சத்தமில்லாமல் பழகலாம், பக்கத்துக் காம்பராக் குழந்தைகள் தூங்கும் என்ற நல்ல எண்ணத்தில்தான் வாங்கினான்.

பெட்டிக்குள் மூன்று அளவு ரப்பர் மொட்டுகள் இருந்தன. வரும்போது மாட்டியிருந்ததையே அவன் போட்டுக்கொண்டான். மற்ற இரண்டையும் பிரித்தே பார்க்கவில்லை. மாட்டியிருந்தது அவன் காதுக்குச் சிறியது. ஓரத்தில் மயிரிழை இடைவெளி. அந்த இடைவெளி வழியாக பேஸ் முழுவதும் வெளியே போய்விட்டது. டிரம் அடி கேட்கவில்லை, கீச்சுக் குரல் மட்டும் கேட்டது. சாமான் மட்டம் என்று நினைத்தான். சத்தத்தைக் கூட்டினான். அப்போதும் போதவில்லை. இன்னும் கூட்டினான்.

இப்படியே பல மாதம்.

ஒரு இரவு காதில் ‘ஙீ’ என்று ஒரு சத்தம். வெளியே சிள்வண்டு கத்துகிறது என்று படுத்துவிட்டான். விடிந்தும் அந்தச் சிள்வண்டு நிற்கவில்லை. வேலையில் நிற்கும்போதும் அதே சத்தம், பஸ்ஸிலும் அதே சத்தம். வைத்தியசாலையில் காதைப் பரிசோதித்தபோது, உயர்ந்த சுரங்களைக் கேட்கும் சக்தி குறைந்துவிட்டது என்று வரைபடம் காட்டியது. போனது திரும்பி வராது என்று டொக்டர் சொன்னார்.

அதுமட்டும் என்றால்கூட மனதைத் தேற்றிக்கொள்ளலாம். அதே காலத்தில் ஒரு மழை இரவு. மேலே மலையில் வெடிப்பு தெரிகிறது, எல்லாரும் பாடசாலைக்குப் போங்கள் என்று லயம் முழுக்கக் கத்திக்கொண்டு ஓடினார்கள். பக்கத்துக் காம்பராக்களில் குழந்தைகளைப் போர்த்திக்கொண்டு வெளியே வந்துவிட்டார்கள். இவன் மட்டும் மொனிட்டரில் பாட்டு ஓட, கண்ணை மூடிப் படுத்திருந்தான். இஸ்தோப்பில் நின்று அவன் அம்மா தொண்டை கிழியக் கூப்பிட்டும் அசையவில்லை. உள்ளே ஓடிவந்து வயரைப் பிடித்து இழுத்த பிறகுதான் எழுந்தான்.

அன்றிரவு மலை சரியவில்லை. சரிந்திருந்தால்?

கொஸ்லந்தைப் பக்கத்து மீரியபெத்தத் தோட்டத்துக்காரரிடம் அந்தக் கேள்வியைக் கேட்கவே வேண்டாம். 2014 ஒக்டோபர் 29, புதன்கிழமை, காலை ஏழரை மணியளவில் மலை இறங்கியது. லயன்கள் இருந்த இடமே தெரியவில்லை. முப்பதுக்கும் மேற்பட்டோர் மண்ணுக்குள் போனார்கள். பாடசாலைக்குப் போயிருந்த பிள்ளைகள் திரும்பி வந்தபோது வீடும் இல்லை, சிலருக்கு அம்மா அப்பாவும் இல்லை. தப்பியவர்கள் எப்படித் தப்பினார்கள்? பெருஞ்சத்தம் கேட்டது, ஓடினோம் என்று அன்றே சொன்னார்கள். கேட்டதால் ஓடினார்கள். அந்த இடம் ஆபத்தானது, மக்களை அப்புறப்படுத்துங்கள் என்று 2005 இலும் 2011 இலும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் எச்சரித்திருந்தது. காகிதத்தில் வந்த எச்சரிக்கை அந்தச் சனத்தைக் காப்பாற்றவில்லை. கடைசி நிமிடத்தில் சிலரையாவது காப்பாற்றியது அவர்களுடைய காதுதான்.

அது பழைய கதை என்று தள்ளிவிடாதீர்கள். 2023 மார்ச்சில் பூனாகலை கபரகலைத் தோட்டத்தில் மண் சரிந்தது இரவு நேரத்தில். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது பதுளை, கண்டி, நுவரெலியா மலைகள் மறுபடியும் இடிந்து விழுந்தன. இன்னும் எத்தனையோ லயன்கள் அதே சரிவுகளில்தான் நிற்கின்றன.

சரியாகப் பொருந்திய மொனிட்டர், ஒரு பாட்டும் ஓடாமல் சும்மா செருகியிருந்தாலே, வெளிச்சத்தத்தை ஏறக்குறைய 20 டெசிபல் குறைத்துவிடும். அதற்கு மேல் பாட்டும் ஓடினால் பக்கத்தில் நின்று கூப்பிடுகிற குரலே உள்ளே போகாது. தூரத்தில் பாறை உருளுகிற உறுமல் எப்படிப் போகும்? விலை கூடிய சில வயர் இல்லாத பட்ஸில் வெளிச்சத்தத்தை மைக் வழியாக உள்ளே விடும் வசதி இருக்கிறது. வயர் மொனிட்டரில் பெரும்பாலும் அது கிடையாது. அடைத்தால் அடைத்ததுதான்.

நம் மலையில் ஆபத்து முதலில் காதுக்குத்தான் வரும்.

கொழுந்து மலையில் குளவி கலைந்தால் முதலில் கண்டவர் கத்துவார். அந்தச் சத்தத்தைக் கேட்டவர்கள் கூடையைப் போட்டுவிட்டு ஓடுவார்கள். கேட்காதவர் நின்ற இடத்திலேயே நிற்பார். குளவி கொட்டி உயிர் போன தொழிலாளர் நம் தோட்டங்களில் ஒருவர் இருவர் அல்ல. அக்காமாரே, பாட்டுக் கேட்டுக்கொண்டு கொழுந்து எடுத்தால் அலுப்புத் தெரியாதுதான், உங்கள் அலுப்பு எனக்குப் புரிகிறது. ஆனால் இரண்டு காதையும் அடைத்துக்கொண்டு மலைக்கு ஏறாதீர்கள். ஃபோன் ஸ்பீக்கரில் போட்டு எல்லாரும் சேர்ந்து கேளுங்கள்.

ரயில் பாதையும் அப்படித்தான். இதல்கஸ்ஹின்ன, அப்புத்தளை, தியத்தலாவ, பண்டாரவளை, எல்ல, தெமோதரை என்று தண்டவாளத்து வழியாகவே நடந்து வீட்டுக்குப் போகிற பிள்ளைகள் எத்தனை பேர்! அந்தப் பாதையில் வளைவுக்கு வளைவு, சுரங்கத்துக்குச் சுரங்கம். வளைவு திரும்பிய பிறகுதான் ரயில் கண்ணுக்குத் தெரியும். ஹோர்ன் சத்தம் மட்டும்தான் முன்கூட்டி வரும்.

தண்டவாளத்தில் காதை அடைத்துக்கொண்டு ஒரு அடியும் வைக்காதீர்கள்.

இத்தனையும் சொல்லி, வாங்கவே வாங்காதீர்கள் என்று தடுக்க நான் வரவில்லை. இந்தச் சாமான் வந்ததே காதைக் காப்பதற்குத்தான். 1990களின் நடுவில் வான் ஹேலன் என்ற அமெரிக்க இசைக்குழுவுக்கு மேடை ஒலி பார்த்த ஜெரி ஹார்வி, அந்தக் குழுவில் டிரம் வாசித்த அலெக்ஸ் வான் ஹேலனுக்காக ஒரு மொனிட்டரைச் செய்து கொடுத்தார். அல்டிமேட் இயர்ஸ் என்ற நிறுவனம் அதிலிருந்துதான் பிறந்தது. மேடையின் இரைச்சலை வெளியே நிறுத்தினால் உள்ளே மெதுவாக வைத்தாலே போதும். அதுதான் இதன் பயன். பொருந்தாத மொனிட்டரைப் போடுகிறவருக்கு அந்தப் பயன் முழுக்கத் தலைகீழாகிவிடுகிறது. இரைச்சல் உள்ளே வருகிறது, பேஸ் வெளியே போகிறது, கை தானாகச் சத்தத்தைக் கூட்டுகிறது.

கூட்டினால் என்ன ஆகும் என்று கணக்காகவே சொல்கிறேன். உலக சுகாதார நிறுவனம் வளர்ந்தவர்களுக்கு வைத்திருக்கும் எல்லை, 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணித்தியாலம். பிள்ளைகளுக்கு 75 டெசிபல்தான். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் கேட்கலாம் என்ற நேரம் பாதியாகும். 90 டெசிபலில் வாரம் முழுவதற்கும் 4 மணித்தியாலம் மட்டும். 100 டெசிபலில் அரை மணித்தியாலம்கூட இல்லை. காதுக்குள் சத்தத்தைப் பிடிக்கும் நுண்ணிய மயிர்க் கலங்கள் பிறக்கும்போது ஒரு காதுக்கு ஏறக்குறைய 15,000 இருக்கும். செத்தால் மனிதருக்கு மறுபடி முளைக்காது.

சத்தத்தை 60 வீதத்துக்கு மேல் வைக்காதே என்ற அறிவுரையைச் சிலர் கேட்டிருப்பீர்கள். நல்ல அறிவுரைதான். ஆனால் மொனிட்டர் போடுகிறவர்கள் அதை மட்டும் நம்பி இருக்காதீர்கள். மேடைக்காகச் செய்த மொனிட்டர்களில் பல, கொஞ்ச மின்சாரத்திலேயே உரக்கப் பேசும். பழைய ஹேன்ட்ஸ்ஃப்ரீயில் 60 வீதம் இதமாக இருந்திருக்கலாம். அதே ஃபோனில் அதே 60 வீதத்தில் இது 10 டெசிபல் கூடுதலாக ஒலிக்கக்கூடும். மேலே சொன்ன கணக்கில் 40 மணித்தியாலம் 4 ஆகிவிடும். புதிதாக மாட்டும்போது சத்தத்தை அடிமட்டத்துக்கு இறக்கிவிட்டு, ஒவ்வொரு படியாக ஏற்றுங்கள். பேச்சு விளங்கும் இடத்தில் நிறுத்துங்கள்.

இனி அபாய அறிகுறிகள். பிள்ளைகள் தாங்களே பார்க்க வேண்டியதும் உண்டு, பெற்றவர்கள் கவனிக்க வேண்டியதும் உண்டு.

கழற்றிய பிறகு காதில் ரீங்காரம் இருந்தால், அது எச்சரிக்கை. விடிந்தும் போகாவிட்டால் வைத்தியசாலை.

பஞ்சு வைத்ததுபோல் காது மந்தமாக இருந்தால், அன்றைக்குக் கேட்டது போதும்.

‘ச’, ‘ஸ’ போன்ற சத்தங்கள் பிள்ளைக்குப் பிடிபடவில்லையா? நாலு பேர் பேசும் இடத்தில் ‘என்ன, என்ன’ என்று கேட்டுக்கொண்டே இருக்கிறானா? ஒலியால் வரும் பாதிப்பு முதலில் உயர்ந்த சுரங்களைத்தான் தின்னும். பேச்சுச் சத்தம் கேட்கும், வார்த்தை விளங்காது. அதனால் அவன் வேண்டுமென்றே கவனிக்கவில்லை என்று அடிக்காதீர்கள்.

மொனிட்டரை விரலால் மெல்ல அழுத்தும்போது பேஸ் திடீரென்று வந்து, விட்டவுடன் போய்விடுகிறதா? அடைப்பு சரியில்லை. ரப்பர் மொட்டை மாற்றுங்கள். கொஸ்லந்தைப் பையன் இந்த ஒரு சோதனையைச் செய்திருந்தால் போதும்.

போட்ட பத்து நிமிடத்தில் வலி வந்தால் மொட்டு பெரியது. பழகப் பழகச் சரியாகும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

தலையணையில் சாய்ந்ததும் தூக்கம் வந்துவிட்டால்? அதற்கு அறிகுறி கிடையாது. மாட்டிக்கொண்டு படுக்கவே கூடாது. மழை நாளில் கூடவே கூடாது.

கடையில் எப்படி ஏமாறுகிறோம் என்பதையும் கேளுங்கள். பஸ் ஸ்டாண்ட் பக்கத்துக் கடை, வெளியே இரைச்சல். கடைக்காரர் இரண்டு மொனிட்டரைத் தருகிறார். ஒன்று கொஞ்சம் உரக்க ஒலிக்கிறது, ஒன்று மெதுவாக. உரக்க ஒலிப்பதே நல்ல ஒலி என்று மனம் முடிவெடுத்துவிடும். மனிதக் காதின் இயல்பு அது. உரத்துக் கேட்டால் பேஸும் கூடியதாக, குரலும் தெளிந்ததாகத் தோன்றும். அதனால் ஒப்பிடும்போது இரண்டையும் ஒரே அளவு சத்தத்துக்குக் கொண்டுவந்து கேளுங்கள். உரத்ததன் ஒலியைக் குறைத்துவிட்டு மறுபடி கேளுங்கள். பல நேரம் தீர்ப்பு மாறிவிடும்.

உங்களுக்கு நெஞ்சில் பதிந்த பாட்டையே போடுங்கள். தப்பு, தவில், உறுமி ஏதாவது அடிக்கிற பாட்டாக ஒன்று இருக்கட்டும், பேஸ் அதில் தெரிந்துவிடும். குரல் முன்னால் நிற்கும் பாட்டு இன்னொன்று. அந்தக் குரலில் ‘ஸ’ வரும்போதெல்லாம் காதில் ஊசி குத்துகிறதா? அந்த மொனிட்டர் எத்தனை விலையானாலும் வேண்டாம். கடையில் இரண்டு நிமிடம் பளிச்சென்று இருப்பதுதான் வீட்டில் இரண்டு மணித்தியாலத்தில் தலைவலி தரும்.

உள்ளே ஒலி எழுப்பும் டிரைவர் பத்து, பன்னிரண்டு என்று அட்டையில் அச்சடித்திருப்பார்கள். அதைப் பார்த்துக் காசைக் கொட்டாதீர்கள். ஒன்றே ஒன்று வைத்து நன்றாக ஒலிப்பதும் உண்டு. பல வைத்தும் ஒன்றோடொன்று இசையாமல் அலங்கோலமாக ஒலிப்பதும் உண்டு. பெரிய கம்பனிப் பெயரைப் போலியாக அச்சடித்த சாமானும் சந்தையில் நிறைய. பெயர் சரியா என்பதைவிட இடதும் வலதும் ஒரே அளவாகக் கேட்கிறதா என்று பாருங்கள். பாடுகிறவர் குரல் நெற்றி நடுவில் நிற்க வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்தால் ஒன்று மொட்டுப் பிழை, இல்லையென்றால் சாமான் பிழை.

பொருத்தும் முறையும் யாரும் காட்டித் தருவதில்லை. வலது காதுக்கு இடது கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய், காதுமடலை மேலும் பின்னும் மெல்ல இழுங்கள். துவாரம் நேராகும். அப்போது வலது கையால் லேசாகத் திருகி உள்ளே வையுங்கள். முரட்டுத்தனமாகத் தள்ளாதீர்கள். செவித்துவாரத்தின் நீளமே ஏறக்குறைய இரண்டரை சென்டிமீற்றர்தான், அதன் முடிவில் செவிப்பறை. இரண்டு காதும் ஒரே அளவாக இருக்க வேண்டும் என்றும் இல்லை. இடதுக்குச் சிறியது, வலதுக்கு நடுத்தரம் என்று மாட்டினால் வெட்கமில்லை. ரப்பர் எதுவுமே பொருந்தாவிட்டால் ஸ்பொஞ்ச் மொட்டு கேட்டு வாங்குங்கள். அது காதுக்குள் விரிந்து அடைக்கும், ஆனால் சீக்கிரம் அழுக்காகும், அடிக்கடி மாற்ற வேண்டும்.

ஊவாவின் பனியும் ஈரமும் இருக்கிறதே, அது இன்னொரு வில்லங்கம். அடைத்த காதுக்குள் ஈரம் தேங்கினால் பங்கசு பிடிக்கும். அரிப்பு, நாற்றம், தண்ணீர் வடிதல். அதற்கு வீட்டில் பாட்டி தேங்காயெண்ணெய் காய்ச்சி விடுவார். பாசத்தில் செய்வதுதான், ஆனால் வேண்டாம். செவிப்பறையில் ஓட்டை இருந்தால் எண்ணெய் உள்ளே இறங்கிப் புண் பெரிதாகும். காது வடிகிறபோது மொனிட்டரைத் தொடவே கூடாது. தலைக்குக் குளித்த ஈரத்தோடு மாட்டாதீர்கள். ஒருவர் மொட்டை இன்னொருவர் போடாதீர்கள், அண்ணன் தம்பியானாலும் சரி. கழற்றும்போது மொட்டு கழன்று காதுக்குள்ளேயே நின்றுவிட்டால் கொண்டை ஊசியால் கிண்டாதீர்கள். கிண்டக் கிண்ட அது செவிப்பறைப் பக்கம் போகும்.

மறக்காமல் இதையும் சொல்லிவிடுகிறேன். ஃபோன் சார்ஜில் இருக்கும்போது வயர் மொனிட்டர் போடாதீர்கள். லயத்து வயரிங்கும் மலிவுச் சார்ஜரும் சேர்ந்தால் காது வழியாக மின்சாரம் வரலாம். இடி மின்னல் நேரத்தில் ஆபத்து இன்னும் கூடும். ஒக்டோபர், நவம்பர் பின்னேரங்களில் நம் மலையில் இடி எப்படி விழும் என்று உங்களுக்குத் தெரியும்.

மழை இரவுகளுக்கு ஒரு கணக்கு இருக்கிறது, மனப்பாடம் செய்யுங்கள். 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை என்றால் விழிப்பு. 100 மில்லிமீற்றர் என்றால் வெளியேறத் தயார். 150 மில்லிமீற்றர் என்றால், அல்லது ஒரே மணித்தியாலத்தில் 75 கொட்டினால், வெளியேற வேண்டும். மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று அறிவிப்பு வரும். மஞ்சள் வந்த நேரத்திலிருந்து வீட்டில் யார் காதிலும் எதுவும் இருக்கக் கூடாது. அறிவிப்பு வராவிட்டாலும், ஊற்றுத் தண்ணீர் திடீரென்று சேறாக வந்தால், மரம் சாய்ந்தால், சுவரில் புது வெடிப்பு ஓடினால், மலையில் மரம் முறியும் சத்தமோ கல் உருளும் சத்தமோ கேட்டால் நிற்காதீர்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117. அதையும் பாதுகாப்பான இடத்துக்குப் போன பிறகு அழுத்துங்கள்.

காதை அடைத்துப் படுக்கும் பழக்கம் உள்ள பிள்ளை வீட்டில் இருந்தால், மழை நாளில் அவனைத் தொட்டு எழுப்புவது யார் என்று இன்றைக்கே பேசி வையுங்கள். கூப்பிட்டால் எழும்புவான் என்று இருக்காதீர்கள்.

கடைசியாக, மிக அவசரமான ஒன்று. காலையில் எழும்பும்போது ஒரு காது திடீரென்று கேட்காமல் போயிருந்தால், அதோடு ரீங்காரமோ தலைச்சுற்றோ இருந்தால், குறும்பி அடைத்திருக்கும் என்று நாள் கடத்தாதீர்கள். உள்காது நரம்பு சம்பந்தப்பட்ட சில திடீர்ச் செவிட்டுக்கு மருந்து உண்டு. ஆனால் அது நேரத்தோடு கொடுத்தால்தான் பலிக்கும், வாரங்கள் கடந்தால் பயன் குறைந்துகொண்டே போகும். தோட்டத்து மருந்தகத்தில் காதுக்குச் சொட்டு மருந்து வாங்கிக்கொண்டு திரும்பி வராதீர்கள். அன்றைக்குப் பேர் போடாவிட்டால் சம்பளம் போகும் என்று தயங்காதீர்கள். காது, மூக்கு, தொண்டை டொக்டர் இருக்கும் பெரிய வைத்தியசாலைக்கு அன்றைக்கே பஸ் ஏறுங்கள். ஒரு காது நேற்றிரவிலிருந்து கேட்கவில்லை என்ற வார்த்தையை அங்கே முதலாவதாகச் சொல்லுங்கள்.